மூன்று வீட்டுச் சோறு

போன அமாவாசைக்கு மறுநாள் எங்கள் தெருவில் ஒரு பசு செத்துப்போனது.

விளாங்குடியில் எனக்குப் பஞ்சர் கடை. வாராவாரம் இந்தப் பத்திரிகையில் பத்தி எழுதுவதும் உண்டு. எதிர்வீட்டுப் பாண்டியம்மாவுக்கு அந்த ஒரு பசுதான். பால் ஊற்றித்தான் பிழைப்பு.

அமாவாசைப் படையல் முடிந்ததும் மாட்டுக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம். புண்ணியமாம். அன்று பசு மூன்று வீட்டு வாசலில் தின்றது. டீச்சர் வீடு, மளிகைக்கடை அண்ணாச்சி வீடு, என் வீடு. சாயங்காலம் வயிறு உப்பியது. காலையில் எழுந்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "சோறு அளவுக்கு மேல போயிருக்கும்மா. வயித்துல புளிச்சு விஷமாயிருச்சு."

"யார் வீட்டுச் சோறு சார்?"

"அதை எப்படிம்மா சொல்றது? எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்கு."

"நான் ஒரு கரண்டிதான் வச்சேன்" என்றார் டீச்சர்.

"நானும் அம்புட்டுத்தான். அதுலயும் பாதிய காக்கா தின்னுருச்சு" என்றார் அண்ணாச்சி.

பாண்டியம்மா நிமிர்ந்தாள். "அப்ப என் மாடு காத்தைக் குடிச்சா செத்துச்சு?"



தெருமுனை வக்கீல் தம்பிதான் வழி சொன்னார். "எந்தச் சோறுன்னு நிரூபிக்க முடியாதுண்ணே. அதுக்காக மூணு பேரும் கையை விரிச்சா இந்தக்கா எங்க போவாக? எம்புட்டு வச்சீகளோ, மாட்டு வெலையில அம்புட்டுப் பங்கு ஏத்துக்கங்க. நீங்க எம்புட்டுண்ணே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு கரண்டி" என்றேன்.

அமாவாசையன்று வருவதாகச் சொன்ன உறவுக்காரர்கள் வரவில்லை. வடித்த சோறு வீணாகிறதே என்று ஒரு வாளி நிறையக் கொட்டியிருந்தேன். புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு, வாளியும் காலியாச்சு என்று நினைத்தேன்.

மூன்று கரண்டி... மூன்று சம பங்கு. நான்தான் முதலில் கொடுத்தேன். "ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்றாள் பாண்டியம்மா. டீச்சருக்குத் தனியார் பள்ளிச் சம்பளம். வளையலை அடகு வைத்துக் கொடுத்தார்.

புதுப் பசு வந்துவிட்டது. பாண்டியம்மா பழையபடி பால் ஊற்றுகிறாள். டீச்சர் வெறுங்கையோடு பஸ்ஸுக்குப் போகிறார், என் கடையைத் தாண்டித்தான்.

கொன்றது என் வாளியா, அவர் கரண்டியா? தெரியாது. ஆனால் வாளியும் கரண்டியும் ஒன்றா? 'தெரியாது' என்ற சொல்லுக்குப் பின்னால் ஆள் ஒளிய எவ்வளவு இடம் இருக்கிறது!

டீச்சர் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்.

டீச்சர்... அந்த வளையலை மீட்க வேண்டியவன் நான்.