குடிக்காத தண்ணீர்

சங்கரன்கோவில் பக்கம் எனக்குக் கொஞ்சம் வெங்காயக் காடு இருக்கிறது. களை எடுக்க வரும் பெண்களுக்கு மணிக்கொரு தடவை நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். தண்ணீர் குடித்தால் வெயில் ஒன்றும் செய்யாது என்பது என் நினைப்பு.

போன சித்திரையில் ஒருநாள், பத்து வருடமாக வேலைக்கு வரும் பேச்சியம்மாளிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "வயிறு முட்டக் குடிச்சாச்சு அண்ணாச்சி, நீங்க போங்க" என்று சிரித்தாள். பதினொரு மணிக்கு மயங்கி விழுந்தாள். பக்கத்தில் அவள் பாட்டில் திறக்காமலே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவளிடம், "எங்கிட்டயே பொய் சொல்லிட்டியே!" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட வந்த என் மனைவிதான் வெடித்தாள்.

"குடிச்சா ஒதுங்கணும்லா? உங்க காட்டுல ஒரு புதர் மறைவு உண்டா? ஆம்பளைகிட்ட அத எப்படிச் சொல்லுவா?"

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

இத்தனை பேரும் தெரிந்துகொண்டே என்னைக் குடத்தோடு அலையவிட்டிருக்கிறார்கள். அது இன்னும் ஆறவில்லை.

இப்போது களைக்கு ஆள் கூப்பிடும் முன்பே காட்டு மூலையில் பச்சை வலையால் மறைப்புக் கட்டிவிடுகிறேன். தண்ணீர்க் குடம் அதற்குப் பிறகுதான். குடித்தார்களா என்று நான் கேட்பதில்லை. என் மனைவி கேட்கிறாள். அவளிடம்தான் உண்மையைச் சொல்கிறார்கள்.