ஓட்டம் நின்ற கை

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், எந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து உடம்புக்குத் திருப்பி அனுப்பும் அறையில், எனக்கு அடுத்த கட்டில் ஒரு நெட்டை பஸ் கண்டக்டருக்கு. ஊசி குத்துவதற்காக அவர் வலது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். ரத்தம் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று அந்தக் கையை அடிக்கடி காதில் வைத்துப் பார்ப்பார்.

“ஓடுதா அண்ணாச்சி?” என்பேன்.

“பாபநாசம் பஸ்ஸுல்லா, ஆச்சி. போனது திரும்பி வந்துதான ஆவணும்.”

அந்தக் கையில் எதையும் கட்டக்கூடாது என்பார்கள். சாமி கயிறு என்ன செய்துவிடும் என்று நான்தான் இறுக்கிக் கட்டினேன். அவர் மறுக்கவில்லை. அடுத்த முறை கையில் ஓட்டம் நின்றிருந்தது. அதில் ஊசி குத்த வழியில்லாமல் கழுத்தில் குழாய் செருகினார்கள்.

“இத யாரு கட்டுனா?” என்று நர்ஸ் அதட்டினார்.

“கோயில்ல கட்டிவிட்டாவ” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை. அது மரியாதையா, வெறுப்பா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.