பழுப்புக் குதிரையின் கடைவாய்ப் பற்கள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பத்து வருடம் கொழுந்து பறித்த பிறகு, எல்ல என்ற மலையூரில் வெள்ளைக்காரர்களுக்குக் குதிரைச் சவாரி நடத்தும் விடுதியொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். லாயத்தைக் கூட்டுவதும் தீனி வைப்பதும் என் பொறுப்பு. அங்கிருந்த மூன்று குதிரைகளில் பழுப்பு நிறப் பெண் குதிரை மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தது. கடிவாளத்தைக் கண்டாலே தலையை உதறியது. ஒருமுறை மேலே இருந்தவரைத் தள்ளிவிடப் பார்த்தது.

"இதுக்குத் திமிரு ஏறிப்போச்சு. வித்துட வேண்டியதுதான்," என்றார் முதலாளி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது நின்ற இடத்தில் பாதி மென்ற புல், எச்சிலோடு உருண்டை உருண்டையாகக் கிடக்கும். சாணியில் தானியம் முழுசாக வரும்.

"வாயில என்னமோ இருக்குங்க. டாக்டருகிட்ட ஒருக்கா காட்டிருவோம்," என்றேன்.

பதுளையிலிருந்து வந்த மிருக வைத்தியர் என் வயதுப் பெண். ஊசி போட்டு, குதிரை அரைத் தூக்கத்தில் நிற்க, இரும்புச் சட்டம் பொருத்தி வாயைத் திறந்தார்.

"கிட்ட வந்து பாருங்க."

டார்ச் வெளிச்சத்தில் கடைவாய்ப் பற்கள் உள்ளே வெகுதூரத்துக்குச் சுவர் போல நின்றன. மேல்வரிசையின் வெளி ஓரம் கத்தியாகக் கூர்ந்திருந்தது. அதற்கு நேரே கன்னத்தின் உட்புறம் புண்.

"குதிரைக்குப் பல்லு தேயத் தேய உள்ளயிருந்து வந்துகிட்டே இருக்கும். நாள் பூரா புல்லு மேஞ்சா சீரா தேயும். தானியமே தின்னா ஓரம் கூராயிரும். கடிவாளத்த இழுக்கையில கன்னம் அதுலதான் அழுந்தும்."

"இந்த வலியோடயாங்க ஆள சொமந்து மேடு ஏறிச்சு?"

"ஆமாங்க. லேசுல வலியக் காட்டிக்காது."

முதலாளியும் குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்தார்.

நீண்ட அரத்தால் வைத்தியர் ராவ ராவ, வெள்ளைத் தூள் கொட்டியது. முடிந்ததும் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முழங்கை வரை கை உள்ளே போனது. பல்லின் ஓரம் வழவழவென்றிருந்தது. இளங்குதிரைக்கு அந்தப் பல் கண்ணுக்குக் கீழே வரை எலும்புக்குள் புதைந்திருக்குமாம். குதிரையின் சூடான மூச்சு என் தோளில் பட்டது.

புண் ஆறும்வரை கடிவாளம் போடவில்லை. ஊறவைத்த தீனிதான். இரண்டு வாரம் கழித்துப் பச்சைப் புல் கட்டை அவிழ்த்துப் போட்டேன். ஒரு வாய்கூடக் கீழே உதிரவில்லை. "வருசா வருசம் டாக்டர கூப்பிடணும்," என்றார் முதலாளி, விற்கும் பேச்சையே எடுக்காமல். எனக்கு நகர மனம் வரவில்லை. புல் அரைபடும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.