சாக்கில் விழுந்த முந்திரிப்பழம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். நர்சிங்கில் முதல் வருடம் முடித்து, கோடை விடுமுறைக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் நாடி பார்த்தேன். அம்மாவோடு முந்திரிக்காட்டு வேலைக்குப் போனபோதும் அந்த மிதப்பு இறங்கவில்லை.

"நர்சம்மா, எனக்கு ஆயுசு எத்தன வருசம்?" என்று அப்பாவின் தங்கை கையை நீட்டினாள்.

"பேச்சக் கொறச்சா நூறு, அத்த."

காட்டில் பெண்கள் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். குத்தகைக்காரரின் ஆட்களோ மரத்துக்கு மரம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கொண்டுவந்த குடம் நிழலில் அப்படியே இருக்கும்.

கொட்டையைத் திருகிச் சாக்கில் போட்டுவிட்டுப் பழத்தை எறிவதுதான் வேலை. உச்சி வெயிலில் அம்மா ஒரு பழத்தைத் திருகி, கொட்டையைத் தூர எறிந்துவிட்டு, பழத்தைச் சாக்கில் போட்டாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த பழமும் சாக்குக்குப் போனபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. எழுந்தவள் தள்ளாடி மரத்தைப் பிடித்தாள். அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன்; கிள்ளியபடியே நின்றது.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போன? என்ன கலரு?"

"அடிப் பாவி மவளே! நாலு பேரு நடுவுல கலரு கேக்கவா ஒன்னயப் படிக்க வச்சேன்?"

"சொல்லும்மா."

"விடியக்கால போனது. கடுங்காப்பி கலரு. போதுமா?"

அரைமணி நேரத்தில் தெளியாவிட்டால் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். நான் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை அம்மா தள்ளிவிட்டாள்.

"குடிச்சுட்டு எங்க போயி ஒக்காருவேன்? ஒந்தலையிலயா?"

"நீ குடி அண்ணி, மறைக்க நாங்க இருக்கோம்" என்றாள் அத்தை. தன் தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். மரத்தடியில் சாய்த்து, கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு. முதலில் குழறிய திட்டுகள் வரவரத் தெளிவாயின.

அரைமணி நேரத்துக்குள் அம்மா சாக்கைத் திறந்து பார்த்தாள். "எவடி என் சாக்குல பழத்தப் போட்டவ?"

எனக்கு உயிர் வந்தது. டிராக்டர் வேண்டாம்.

வெயில் சாயும் நேரம் அவளைச் சுற்றி நான்கு பேர், சும்மாட்டுக்குக் கொண்டுவந்த பழைய சேலைகளைப் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டி நின்றோம். உள்ளேயிருந்து, குத்தகைக்காரருக்கே கேட்கும்படி அம்மா கத்தினாள்:

"ஏ நர்சம்மா, எழுதிக்க! எலுமிச்சம்பழக் கலரு!"

அத்தை உடனே குடத்தைச் சாய்த்து ஒரு சொம்பு குடித்தாள். "சேலைய மடிச்சுறாதீங்கடி, அடுத்தது நான்."