லீவர் திறந்து கிடந்த துவக்கு

பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். ஊரிலை செல்லடிக்குள்ளாலை ஓடி வந்தவனுக்குப் பேய் என்ன பேய்? நீங்கள் நம்பினாலும் சரி, பின்னாலை சிரிச்சாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லுறன்.

தொண்ணூறுகளிலை, ஒக்லண்டுக்கு வந்து நாலாம் வருசம். விரி எண்ட இடத்திலை லேத் வேலை, வேலையிடத்துப் பெடியளோடை முயல் சுடப் போய்ப் போய் துவக்கு லைசென்சும் எடுத்திட்டன். மவுண்ட் ஆல்பர்ட்டிலை ஒரு கிழட்டு வெள்ளைக்காரன் பழைய லீவர் துவக்கு விக்கிறான் எண்டு பேப்பரிலை கிடந்துது, கீழை லீவரை இழுத்துத் தோட்டா ஏத்திற சாதி, பொயிண்ட் டூ டூ எண்ட சின்னத் தோட்டா, அவன்ரை தேப்பன் காலத்துச் சாமான். "துவக்கு உள்ளை வந்தால் நான் வெளியிலை" எண்டு என்ரை மனிசி கத்தக் கத்த, அவவின்ரை தம்பியையும் ஏத்திக்கொண்டு பட்டப்பகலிலை போனன்.

இரும்பு விசயத்திலை என்னை ஏமாத்தேலாது. தோட்டாக் குழாயைக் கழட்டிக் கவிழ்த்தன், ஒண்டுமில்லை. லீவரைப் பத்துத் தரம் இழுத்தன், ஒண்டும் விழேல்லை. பிறகு லீவரைத் திறந்தபடி விட்டு, தோட்டா போற இடத்திலை பெருவிரல் நகத்தை வைச்சு, குழலின்ரை மற்ற முனையாலை கண்ணை வைச்சுப் பாத்தன். நகத்திலை வெளிச்சம் பட்டுத் தெறிக்க, குழலுக்குள்ளை துருக்கறள் இருந்தால் தெரியும், பழைய துவக்கு வாங்கிறவை அப்பிடித்தான் பாக்கிறது.

கறள் இல்லை. ஆனால் அங்கை இருந்தது என்ரை நகமில்லை. சிவப்பு நெயில் பொலிஷ் பூசின பொம்பிளை நகம், பாதி பிய்ஞ்சு, ரத்தத்தோடை துடிச்சுக்கொண்டிருந்துது. கண்ணை எடுத்துப் பாத்தால் என்ரை ஊத்தை நகம்தான்.

"தாங்கோ அத்தான், நானும் பாப்பம்" எண்டு மச்சான் வாங்கி, அதேமாதிரிப் பெருவிரலை உள்ளை வைச்சுக் குழலைக் கண்ணிலை வைச்சான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கையைப் பொத்தி அவன்ரை மூஞ்சையிலை குத்தினன். மூக்கு உடைஞ்சு வாயெல்லாம் ரத்தத்தோடை அவன் மல்லாக்க விழ, துவக்கு நிலத்திலை விழுந்து வெடிச்சுது. அவன் நிண்டிருந்தால் கண் இருக்கிற உயரத்திலை சுவரிலை ஓட்டை.

லீவர் அப்பவும் திறந்துதான் கிடந்துது. திறந்து கிடக்கிற வெறுந்துவக்கு வெடிக்கவே ஏலாது, இரும்போடை சீவிக்கிறவன் சொல்லுறன்.

கிழவன் எங்களைத் திரும்பியும் பாக்கேல்லை. துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்படிக்குப் போய், "ஐரீன்... ஐரீன்" எண்டு ஒரு பொம்பிளைப் பேரைச் சொல்லி அழுதழுது, மரப்பிடி சிதறுமட்டும் சீமேந்திலை அடிச்சான்.

மூக்குக் கோணினதோடை மச்சான் என்னோடை கதையை விட்டிட்டான். "என்ரை தம்பியை ஏன் அடிச்சனீங்கள்?" எண்டு மனிசி கேட்க, கை தவறிப் பட்டிட்டுது எண்டன். நகக் கதையை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ரெண்டு வருசம் கழிச்சு, த்ரீ கிங்ஸ் எண்ட இடத்துக் கடையளுக்கு முன்னாலை மச்சான் அவனாவே கிட்ட வந்தான்.

"அத்தான், அண்டைக்குக் குழலுக்குள்ளை சிவப்பா ஒரு நகம் கண்டனீங்களோ?"

கண்டனான் எண்டு சொல்லியிருந்தால் அவன் என்னை மன்னிச்சிருப்பான். பயத்திலை இல்லையெண்டிட்டன். அந்தப் பொய்யை நினைச்சால் இப்பவும் வெக்கமாக் கிடக்கு.

தலையை ஆட்டிப்போட்டுப் போனான். போகேக்கை பாத்தன், வலக்கைப் பெருவிரலை மற்ற விரலுகளுக்குள்ளை மடிச்சுப் பொத்திக்கொண்டு போறான். அந்த வீட்டாலை வந்த நாளிலை இருந்து நானும் அப்பிடித்தான். இப்பவும் என்ரை கையைப் பாருங்கோ, பெருவிரல் உள்ளைதான்.