ஜன்னலில் திருப்பி வைத்த டிவி

செல்லூரில் என் நண்பன் ஜலாலின் வீட்டுக்குப் போலீஸ் வந்ததற்குக் காரணம் நான்தான். இதை எழுத எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. மதுரையை விட்டு மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்து சேரவும் வேண்டியிருந்தது.

இங்கே எனக்கு இன்னும் பழகாத ஒன்று, பெரிய ஆட்டங்கள் சும்மா கிடைப்பது. கூரையில் ஆன்டெனா இருந்தால் போதும். நாடே பார்க்க விரும்பும் போட்டிகளைக் கட்டணச் சேனல்கள் முந்திக்கொண்டு வளைத்துவிடாதபடி சட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டு கிரெக் இதை ‘ஃப்ரீ டு ஏர்’ என்கிறார். ஒருநாள் அவரோடு கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சேனலுக்கு இது எப்படிக் கட்டுபடியாகிறது என்ற யோசனையில், “ஹூ இஸ் லூசிங்?” என்று கேட்டேன். அவர் தோற்றுக்கொண்டிருந்த அணியின் பெயரைச் சொல்லி, இன்னும் நேரமிருக்கிறது என்று என் தோளைத் தட்டினார். நான் கேட்டது, யாருக்கு நஷ்டம் என்று. மற்ற நாட்களில் தனியாகத்தான் பார்க்கிறேன். படம் கண்ணாடிபோல் தெரிகிறது. விக்கெட் விழுந்தால் கத்துவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சென்னையில் ஒரு கட்டண விளையாட்டுச் சேனலில் ஒளிபரப்பு உரிமைக்கு விலை மதிப்பிடுவது என் வேலையாக இருந்தது. இலவசச் சேனலுக்குக் கூட்டம்தான் வரவு. பார்க்கிறவர்கள் கூடக்கூட விளம்பரம் கூடும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் அது உரிமையை வாங்குகிறது. எங்களுக்கோ, பணம் கட்டாமல் பார்க்கிற ஒவ்வொருவரும் இழப்பு. ஒரே கூட்டம்தான். அவர்கள் அதை லாபம் என்றார்கள், நாங்கள் திருட்டு என்றோம்.

ஜலால் என் பள்ளித் தோழன். விசைத்தறிக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தான். கிரிக்கெட் நாட்களில் வீட்டு டிவியில் எங்கள் சேனலைப் போட்டு, அதை ஜன்னலில் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவான். தறிச் சத்தத்தில் வர்ணனை கேட்காது. அவனே கத்திச் சொல்வான். விடுமுறைக்குப் போன நானும் அந்தச் சந்தில் முண்டியடித்துப் பார்த்திருக்கிறேன். சென்னைக்குத் திரும்பி வந்து, அலுவலக மீட்டிங் ஒன்றில், சிரிக்கட்டுமே என்று அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி மட்டும் சிரிக்காமல், “எந்தச் சந்து?” என்றார். சொன்னேன்.

அடுத்த ஆட்டத்தன்று போலீஸோடு ஆட்கள் வந்து டிவியைத் தூக்கிப்போனார்கள். ஜலாலை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். வெளியே வந்ததும் எனக்குத்தான் போன் செய்தான். “எவனோ போட்டுக் குடுத்துட்டான் மாப்ள.” நான், “யாராடா இருக்கும்?” என்று கேட்டேன். அவன் யோசித்துவிட்டு எதிர்வீட்டு மாரியின் பெயரைச் சொன்னான். கூட்டம் வாசலை மறைக்கிறது என்று மாரி அடிக்கடி சண்டை போடுவார். நான் மறுக்கவில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். ஜலால் கட்டிக்கொண்டான். உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன்தான் உட்கார்ந்தான்.

“வாய் தவறிச் சொன்னதக்கூட விட்ருவேன்டா. போன்ல ‘யாராடா இருக்கும்’னு கேட்ட பாரு... மாரி மக கல்யாணத்துக்கே நான் போகலையேடா.” எழுந்து சட்டையை மாட்டினான். “நட. அவன்ட்ட வந்து சொல்லு.”

எதிர்வீட்டில் மாரி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஜலால் உள்ளே போனான். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். மாரி என்னைப் பார்க்கவில்லை.

“அப்ப இம்புட்டு வருசமா என்னைய மொறச்சது இவரு செஞ்சதுக்கா, பாய்?”

“ஆமாப்பா. தப்புதான்.”

“தப்புன்னு லேசாச் சொல்ற. எம்மக கேட்டா, பாய் மாமா ஏன் வரலைன்னு. உக்காரு. இந்த ஓவர் முடியட்டும், வையிறேன்.”

ஜலால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானும் கத்தத்தான் வாயெடுத்தேன்.

“அண்ணே, டிவிய மறைக்காதீங்க” என்றார் மாரி.

விலகி நின்றேன். உள்ளே போகலாமென்று ஒரு காலின் செருப்பை முன்பே கழற்றியிருந்தேன். மற்றதையும் கழற்றுவதா, கழற்றியதை மாட்டுவதா என்று தெரியாமல் ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.