இடது கையால் எழுதிய புகார்

2006ஆம் வருடம், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா இல்லை. அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தாள். அண்ணன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷினில் இருந்தான். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் நான்தான். அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்!

எங்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்த விரிவுரையாளரைப் பார்த்தால் பரம சாது மாதிரி இருப்பார். ஆனால் லேபில் நான் ஏதாவது தப்பு செய்துவிட்டால் போதும், "என்னம்மா, உங்க அம்மாவுக்கு உன்னைவிட நல்லா கெமிஸ்ட்ரி தெரியுமே? தினமும் கையாலயே கலக்குறாங்களே" என்பார். வகுப்பே சிரிக்கும். வெட்கத்தை மறைக்க நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பேச்சோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். ரெக்கார்டு நோட்டைத் திருத்த வேண்டும் என்று வகுப்பு முடிந்ததும் தனியாக நிற்கச் சொல்வார். பியூரெட் பிடிக்கச் சொல்லித் தருகிற சாக்கில் பின்னால் வந்து கையைப் பிடிப்பார், தோளில் சாய்வார். விலகி நின்றால் அந்த வாரம் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். இரண்டு வருடப் படிப்பும் அந்த ஒரு மனிதரின் பேனாவில் இருந்தது.

வீட்டில் சொல்லவும் பயம். சொன்னால் அம்மா, "படிச்சது போதும், நாளைக்கு எங்கூட வேன்ல ஏறு" என்று கம்பெனிக்குக் கூட்டிப்போய்விடுவாள் என்று சத்தியமாக நம்பினேன். அப்படிப் பாதியில் நிறுத்தப்பட்ட பெண்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். இது அவருக்கும் நன்றாகத் தெரியும். பட்டாசு கம்பெனி ஊர்ப் பெண் வீட்டில் வாய் திறக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் என்னை நிற்கவைத்தார்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் பழைய தேர்வு அட்டவணையை அட்டெண்டர் கிழித்தெடுத்தார். அடியில் இன்னொரு தாள் இருந்தது. மாணவிகள் துன்புறுத்தல் பற்றிப் புகார் செய்ய ஒரு குழு இருக்கிறதாம், அதற்கு ஒரு தலைவி இருக்கிறாராம், அலுவலகத்துக்கு வெளியே பெட்டி இருக்கிறதாம். ஒரு வருடமாக அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். பூட்டிக் கிடந்ததால் மின்சார மீட்டர் பெட்டி என்று நினைத்திருந்தேன்!

அன்றைக்கே எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. கையெழுத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இடது கையால் எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தி, கோழி கிண்டின மாதிரி ஒரு பக்கம் தேறியது. மறுநாள் காலை யாரும் பார்க்காதபோது பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய காரியம் சாதித்த மிதப்பில் இருந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நான் எழுதிய தாள்! எங்கள் வீட்டில் எழுதுவதற்கென்று தாள் வாங்குகிற பழக்கமே இல்லை. அச்சகத்தில் கலர் சரியாக விழாத காலண்டர் தாள்களை அண்ணன் கட்டாகக் கொண்டுவந்து போடுவான். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில்தான் எல்லாம் எழுதுவோம். என் புகாரின் பின்பக்கத்தில், சிவப்பு ஒதுங்கி நான்கு கண்ணோடு முருகன் நின்றுகொண்டிருந்தார். நான் ரஃப் நோட்டாக வைத்திருந்ததும் அதே தாள்தான் என்பது வகுப்புக்கே தெரியும்.

நான்காவது நாள் அட்டெண்டர் வகுப்புக்கே வந்து, குழுத் தலைவி கூப்பிடுகிறார் என்றார். சோலி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எங்கள் துறையில் முதலாம் ஆண்டு. மற்ற இருவரும் பி.எஸ்சி. மூவரும் எங்கள் பக்கத்து ஊர்கள்தான். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

தலைவி பொருளாதாரப் பேராசிரியை. அதிகம் பேசாதவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மேஜையில் நான்கு தாள்களை வரிசையாக வைத்தார். முருகன், லட்சுமி, பிள்ளையார், கொழுகொழுவென்று ஒரு குழந்தை. நான்கிலும் கலர் ஒதுங்கியிருந்தது. அப்படியே திருப்பிப் போட்டார். நான்கிலும் கோழி கிண்டின எழுத்து. நான்கும் அதே மனிதரைப் பற்றி. ஒன்றிலும் பெயர் இல்லை.

"யாரு எதை எழுதினதுன்னு நான் கேக்கப் போறதில்ல. இந்த மாதிரித் தாள் சிவகாசி அச்சகத்துலதான் கிடைக்கும். அந்தப் பக்கத்துல இருந்து வந்து அவர்கிட்ட லேப் பண்றவங்க நீங்க நாலு பேர்தான். ஆனா பேரில்லாத கடிதத்தை வச்சு அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேக்க முடியாது. என்ன நடந்தது, எந்த நாள், எந்த இடம், யாரு பாத்தாங்க, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா நாளைக்கே குழு கூடும். விசாரணை முடியுற வரைக்கும் உங்க ரெக்கார்டும் மார்க்கும் அவர் கைக்குப் போகாது. அதை முதல்வர்கிட்ட எழுத்துல வாங்கித் தர்றேன். முடிவு உங்களோடது" என்றார். வெள்ளைத் தாள்களை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எங்களில் சின்னவள், பி.எஸ்சி. படித்தவள், மெதுவாக என்னைப் பார்த்து, "யக்கா, நீங்களும் எடது கையிலயா எழுதுனீக?" என்றாள். குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நான்கு பேரும் அழுதோம். எனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேனே!

அழுது முடிந்தும் எனக்குக் கை எழவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் என்ற பயம் போகவில்லை. "போங்கக்கா, இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்று சொல்லி அந்தச் சின்னவள்தான் முதலில் தாளை இழுத்தாள். தெருவிலேயே முதலாகப் படிக்க வந்தவள் என்ற என் தலைக்கனம் அங்கேயே இறங்கியது. இரண்டாவதாக நான் எழுதினேன். தனித்தனியாகப் புகார் எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

விசாரணைக் கடிதம் வீட்டு முகவரிக்கு வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். வந்த கடிதத்தை வாங்கி வைத்திருந்து, மறுநாள் காலையில் கம்பெனி வேனில் யாரையோ வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். வேன் முழுக்கக் கேட்டிருக்கிறது! சாயங்காலம் வந்திறங்கினாள், கன்னமெல்லாம் அலுமினியப் பவுடர் மினுமினுத்தது. கைகால்கூடக் கழுவாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த ஆளு இன்னும் வேலைக்கு வாரானா?"

"வாராரும்மா."

"அவனே கூசாம வாரப்ப நீ எதுக்குடி பயந்து சாகுற? எங்க கம்பெனில ஒரு ரூமுல புகையக் கண்டா, கண்டவ கத்தணும். யாரால வந்துச்சுன்னு பெறகு பாத்துக்கலாம். ஒரு வருசமா கத்தாம இருந்திருக்கியே! எங்கிட்டயாவது கத்தியிருக்கலாம்ல?"

"படிப்ப நிறுத்திருவியோன்னு..." என்றேன். அம்மா கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அம்புட்டுத்தானா என்னைய நெனச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

விசாரணை அன்றைக்குச் சீசன் உச்சத்தில் லீவு போட்டுவிட்டு வந்தாள். கூடவே கம்பெனி வேனில் வருகிற இரண்டு பேர். உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லியும் கேட்காமல், சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நால்வரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். லேபில் இருந்த உதவியாளரும் தான் பார்த்ததைச் சொன்னார். முதலில் அந்த விரிவுரையாளரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பிறகு அவர் கல்லூரிக்குத் திரும்பவே இல்லை. எங்கள் செய்முறைத் தேர்வை வேறொருவர் நடத்தினார். வகுப்பில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், அந்த வருத்தமும் இருந்தது. ஆனால் அடுத்த வருடம் அந்தக் குழுவின் அறிவிப்பைக் கல்லூரி நுழைவாயிலிலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள்.

இப்போது நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என்னிடம் ஏதாவது சொல்ல வந்து வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிற பிள்ளைகள் எல்லாரும், "மிஸ், வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்; அப்போதெல்லாம் எனக்குப் பக்கபலமாக நின்றிருக்கக்கூடிய அம்மாவைப் பார்த்தே ஒரு வருடம் பயந்திருந்தேன் என்பதையும், அதற்கு இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும்தான் அவர்களுக்கு முதலில் சொல்கிறேன்.